அப்பா வாயைக் கட்டிய தபசு காலம்

தூத்துக்குடி,
7-3-1948

அன்பு மகன் தொம்மைக்கு அம்மா எழுதுவது. சருவேசுரன் கிருபையால் இங்கே நானும் அப்பாவும் தங்கச்சி கிளாடிசும் சுகம், கொழும்பில் நீயும் அப்படியே இருக்கவேண்டுமென்று மாதாவைத் தினமும் நச்சரித்துக்கொண்டிருக்கிறேன். உன் கடிதம் கிடைத்தது. கடையில் கூட வேலை செய்கிற பையன்கள் கெட்ட வார்த்தை பேசுவதை நீ கண்டித்தாயாம், அதிலிருந்து யாரும் உன்னோடு சாப்பிட உட்காருவதில்லையாம். படித்ததும் அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. ஏனென்று கேள்.

தபசு காலத் தியானத்துக்கு வந்த சாமியார், கோயிலுக்குள் மட்டும் கிறிஸ்தவனாக இருந்தால் போதுமா, வேலை செய்கிற இடத்தில் வேண்டாமா என்று கேட்டுவிட்டார். அப்பாவுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. ஆண்டவர் உயிர்த்த பாஸ்காத் திருநாள் வரைக்கும் ஒரு கெட்ட வார்த்தை பேசுவதில்லை என்று மாதா முன்னால் மெழுகுதிரி கொளுத்தி நேர்ந்துகொண்டார். துறைமுகத்தில் சுமை ஏற்றுகிறவர்களுக்கு மேஸ்திரி அவர், வசவு இல்லாமல் ஒரு மூட்டையாவது தோணியில் இறங்கியதுண்டா, நீயே சொல். மறுநாள் போய், தம்பிமாரே, கொஞ்சம் வெரசா தூக்குங்கப்பா என்றாராம். ஆட்கள் வெலவெலத்துப் போனார்கள். முன்பிருந்த மேஸ்திரி ஒரே ஒரு நாள்தான் அன்பாகப் பேசினார், அன்று சாயங்காலமே பாதிப் பேருக்கு வேலை போயிற்று, அந்தப் பயம். பஞ்சுப் பொதியெல்லாம் போட்டது போட்டபடி கிடந்தது. அப்பாவிடம் சுமை தூக்குகிற பேச்சிமுத்து இளநீரோடு வீட்டுக்கே வந்துவிட்டான், மதினி, அண்ணாச்சிக்கு என்ன சீக்கு, மறைக்காம சொல்லுங்க என்று கண்ணைக் கசக்குகிறான். கடைசியில் கம்பெனி கிளார்க்கு, சனிக்கிழமைக்குள் சரக்கு ஏறாவிட்டால் வேறு மேஸ்திரியைப் போட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டார். கிளாடிசுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம், வேலை போனால் என்ன செய்வது. ஆனாலும் நேர்ச்சையை விடுங்கள் என்று சொல்ல நாக்கு வரவில்லை.

வியாழக்கிழமை பொதி மேலே தொங்கும்போது கயிறு பிரிய ஆரம்பித்திருக்கிறது. நேர் கீழே, தோணி விளிம்பில் சுமைக்காரன் மாடக்கண்ணு. மாடக்கண்ணு தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க என்று அப்பா கத்தினாராம். அந்த மரியாதையில் அவன் பூரித்துப்போய்ச் சிரித்துக்கொண்டே நின்றிருக்கிறான். அப்போதுதான் அப்பா வாயைத் திறந்தார். அத்தனை நாள் அடக்கிவைத்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்ததாம், மாடக்கண்ணு யோசிக்காமல் கடலில் குதித்துவிட்டான். அவன் நின்ற இடத்தில் பொதி விழுந்து பலகை நொறுங்கிப் போயிற்று.

ஊரே அப்பாவைக் கொண்டாட, அவர் நேர்ச்சை உடைந்துபோயிற்றே என்று வீட்டில் வந்து குழந்தை மாதிரி அழுதார். நான்தான் பாவசங்கீர்த்தனத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். நம் பங்குச் சாமியார், அவன் குதிக்கிற வரைக்கும் சொன்னது பாவமில்லை, நீந்திக் கரையேறின பிறகும் நிறுத்தாமல் சொன்னீரே, அதற்கு அவனிடமே மன்னிப்புக் கேளும் என்றாராம். அப்பாவும் போய்க் கேட்டார். மாடக்கண்ணு, நான் காய்ச்சல்ல கெடந்தப்ப எம் மூட்டையையும் நீங்கதான தூக்குனிய அண்ணாச்சி, நீங்க வைதா எங்களுக்கு என்ன, வையாம இருந்தாத்தான் பயமா இருக்கு என்று சொல்லிவிட்டான்.

அப்பா மறுபடியும் நேர்ந்துகொண்டார். இப்போது அவர் கையைத் தூக்கினால் போதும், பேச்சிமுத்து வைகிறான், அவன் நம் வேதமில்லை, அவனுக்குத் தபசு இல்லையல்லவா. நேற்றைக்குச் சரக்கு முழுவதும் ஏறிவிட்டது, வேலையும் தப்பியது. இதைச் சாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை, நீயும் யாருக்கும் எழுதாதே.

நீயும் அந்தப் பையன்களை விட்டு விலகி உட்காராதே ராசா. அவர்களில் ஒருவனுக்குத் தலைவலி என்றால் அவன் வேலையை நீ செய், பேச்சைப் பிறகு பார்க்கலாம். எண்ணெய் தேய்த்துக் குளி, மழையில் அலையாதே. மாதாவும் உன் காவல் சம்மனசும் உன்னோடு இருப்பார்களாக. உனக்கு என்ன எழுத என்று அப்பாவைக் கேட்டேன். ஊருக்கு வராம அங்கன என்னத்தக் கிழிக்கான் அந்த... என்று ஆரம்பித்தவர், சட்டென்று நிறுத்தி, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார், கண் கலங்கியிருந்தது. பாஸ்காவுக்குத் தவறாமல் கப்பலேறி வந்துவிடு. உனக்கென்று வாய்க்குள் நிறையச் சேர்த்து வைத்திருக்கிறார்.

உன்னைப் பார்க்க ஏங்கும் அம்மா,
அமலோற்பவம்