இடது பட்டனில் ஐஸ் குச்சி

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே புழுக்கம். திருமுல்லைவாயிலில் ரயில் தாமதம். அம்பத்தூர் தொழிற்சாலைக்கு வந்ததும் பாதுகாப்பு அதிகாரியாக என் முதல் வேலை, தகடு அழுத்தும் பிரஸ் பிரிவுக்குப் பயிற்சி. பன்னிரண்டு பேர். புதிதாகச் சேர்ந்த கலா மட்டும் நோட்டுடன்.

பாடம் ஒன்றே: இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். கைகள் பட்டனில் இருந்தால் அச்சுக்குள் இருக்காது.

கலா: "ஒரு பட்டன் மாட்டிக்கினா இன்னா சார் ஆவும்?"

"அந்த மெஷினைத் தொடாதேம்மா." எழுதிக்கொண்டாள்.

ஒன்றரை மணி நேர வகுப்பு. இருபதாவது நிமிடம் மேனேஜர் குமரேசன் வாசலில். "இன்னா வாத்தியாரே, கை கழுவ சொல்லித் தர்றியா? லாரி வந்து நிக்குது." எல்லோரும் எழுந்துவிட்டார்கள். வருகைத்தாள் மட்டும் முழுமை.

ஜூன் 10, செவ்வாய்

வெயில். மேனேஜரும் வகுப்பெடுத்தார். கலா மெஷினில் இடது பட்டனை அழுத்தி இடுக்கில் ஐஸ் குச்சியைச் செருகினார். "வலது கைல பட்டன தட்டு, இடது கைல தகட்ட போடு. ஈஸியாம்மா?" அரை நிமிடம். மாலைக்குள் பன்னிரண்டு மெஷினிலும் குச்சி. என் வகுப்புகளில் இத்தனை கவனம் கண்டதில்லை.

கலாவின் குச்சியைப் பிடுங்கினேன். "நீங்க பூடுவீங்க சார். அவரு இங்கயே நிப்பாரு. எனக்கு இன்னும் பர்மனென்ட் ஆவல." திரும்பச் செருகிக்கொண்டாள்.

ஜூன் 11, புதன்

மேகமூட்டம். பயிற்சி மதிப்பீட்டுப் படிவங்கள் வந்தன. 'கற்றதை வேலையில் பின்பற்றுகிறாரா?' பன்னிரண்டு பேருக்கும் 'மிக நன்று', மேனேஜர் கையெழுத்து, போன சனிக்கிழமைத் தேதி. வகுப்பு திங்கள்கிழமைதான். தீர்க்கதரிசி.

பதினொன்றில் நானும் கையெழுத்திட்டேன். கலாவுடையதில் பேனா ஓடவில்லை. இழுப்பறைக்குள்.

செய்ய வேண்டியவை:
1. மின்விசிறி ரிப்பேர்
2. குச்சி பற்றி முதலாளிக்குக் கடிதம்
3. செல்போன் ரீசார்ஜ்

ஜூன் 12, வியாழன்

மழை, தகரக் கூரை அதிர. 1, 3 முடிந்தன.

11.20. பிரஸ் சத்தம் நின்றது. எல்லா மெஷினும். டீ நேரமில்லை. ஓடினேன்.

இடது கை. இரண்டு விரல்.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது என்னைப் பார்த்து, "நோட்ல எழுதி வெச்சிகீறேன் சார்" என்றாள் கலா.

குமரேசன் முதல்முறையாக மரியாதையாக: "சார், அந்தப் பொண்ணு ஃபாரம் உங்ககிட்டதான கீது? ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க சார்."

கொடுக்கவில்லை. ரயிலில் இதை எழுதுகிறேன். பையில் படிவம், அவள் மெஷினிலிருந்து நான் எடுத்து வந்த குச்சி. இந்நேரம் அவர் குச்சிகளைப் பொறுக்கி எண்ணியிருப்பார். பதினொன்றுதான் வரும். போன் அடிக்கிறது. மறுபடியும் அவர்தான்.