அது சாராய வாடை இல்லை, அப்பா

அப்பா,

இன்று காலை என் மகள் அசிட்டோனில் பஞ்சை நனைத்து நகச்சாயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த வாடை கூடத்துக்கு வந்ததும் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அண்ணனின் மூச்சு கடைசியில் அப்படித்தான் இருந்தது. உங்கள் காரியங்கள் முடிந்து அரை வருடம் ஆகிறது. உங்களுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் இன்று எழுத உட்கார்ந்திருக்கிறேன். பாசத்தினால் என்று நினைத்துவிடாதீர்கள்.

அண்ணன் அப்போது கல்லூரியில் கடைசி வருடம். நான் பள்ளி முடித்து ப்ரீடிகிரி. சில வாரங்களாகவே அவன் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தான். சட்டை தோளிலிருந்து நழுவும் அளவுக்கு மெலிந்துபோனான். அம்மா அதைச் சொன்னபோது நீங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சாலைக் கடைத்தெருவில் உங்கள் அரிசிக் கடைக்கு வரும் மூட்டையில் ஒரு பிடி குறைந்தால் கண்டுபிடித்துவிடுவீர்கள். மகன் பாதியாகக் குறைந்தது உங்கள் கண்ணில் படவில்லை.

அந்தச் சனிக்கிழமை மாலை அவன் தள்ளாடிக்கொண்டே படியேறி வந்தான். நாக்கு குழறியது. நீங்கள் அவன் தாடையைப் பிடித்து வாயை முகர்ந்தீர்கள். இடுப்பு பெல்ட் கைக்கு வந்தது.

"எங்கப்பன் குடிச்சுக் குடும்பத்த அழிச்சவன். இந்த மணம் எனக்குத் தெரியாதாலே?"

அம்மா குறுக்கே விழுந்தாள். "சாராய மணம் இல்லைங்க. பழுத்த பழ மணமாக்கும். பிள்ளைக்கு என்னமோ தீனம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம்."

"தீனமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. உள்ள கிடந்து தெளியட்டும்."

மாடியில் சாக்குகள் போட்டுவைக்கும் அறையில் அவனைத் தள்ளிப் பூட்டினீர்கள். சாவியை மடியில் செருகிக்கொண்டீர்கள்.

விடிந்தபோது கதவுக்கு வெளியே நின்றே அவன் மூச்சைக் கேட்க முடிந்தது. ஓடிவந்தவனைப் போல இழுத்து இழுத்து விட்டான். வாந்தி எடுத்திருந்தான். அம்மா உங்கள் காலைப் பிடித்தாள். நீங்களோ குளித்து, வேட்டி மாற்றி, மகனுக்குப் புத்தி வரவேண்டும் என்று பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கக் கிளம்பினீர்கள். சாவியும் உங்களோடு போயிற்று.

அம்மா அம்மிக் குழவியைத் தூக்கிவந்து பூட்டை உடைத்தாள். அவளுக்கு அவ்வளவு பலம் உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரியும். ஆட்டோவில் அவன் தலை என் மடியில் கிடந்தது. அவன் விட்ட மூச்செல்லாம் என் முகத்தில் அந்த வாடையாக அடித்தது. "நான் குடிக்கல குட்டி" என்றான். அதன்பிறகு பேசவில்லை.

விஷயம் தெரிந்து நீங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது டாக்டர் உங்களிடம்தான் மலையாளத்தில் சொன்னார். "மத்யமல்ல. ஷுகராணு. எந்தா இத்ர வைகிச்சது?" குடியல்ல, சர்க்கரை, ஏன் இவ்வளவு தாமதித்தீர்கள் என்று கேட்டார். உடம்பில் இன்சுலின் இல்லாதபோது சர்க்கரை எரியாமல் கொழுப்பு எரிகிறது, அதிலிருந்து வருவதுதான் மூச்சில் அந்த வாடை, பார்ப்பவர்கள் குடி என்று தவறாக நினைப்பதுண்டு என்று அவர் விளக்கினார். நீங்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டீர்கள். மறுநாள் மதியம் அண்ணன் போய்விட்டான்.

அதுவரை நீங்கள் செய்ததை அறியாமை என்று எழுதிவிடலாம். அதற்குப் பிறகு செய்ததற்குத்தான் எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. நாகர்கோவிலிலிருந்து வந்திறங்கிய சொந்தக்காரர்களிடம், அவன் உடம்பு கூடத்தில் கிடக்கும்போதே, "குடி. என்ன செய்ய?" என்றீர்கள். நோயாளி மகனைப் பூட்டிவைத்தவர் என்று பெயர் வாங்குவதைவிடச் செத்தவனைக் குடிகாரனாக்குவது உங்களுக்கு எளிதாக இருந்தது. நான் வாய் திறந்தேன். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். உங்களோடு வாழவேண்டியவள் அவள். ஆனால் சாகும்வரை அவள் உங்கள் முகம் பார்த்துப் பேசவில்லை. "சோறு வச்சிருக்கு" என்பதைக்கூடச் சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட "அண்ணன் குடிச்சு இறந்ததாமே" என்று கேட்டார்கள். பக்கத்தில் இருந்த நீங்கள் மறுக்கவில்லை.

உங்கள் பதினாறாம் நாள் பந்தியில் நான் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். சித்தப்பா இலையிலிருந்து தலை தூக்காமலே சொன்னார்: "அந்தக் குடிகாரப் பய போனதுலதான் எங்க அண்ணன் உருகிப் போனாரு."

வாளியைக் கீழே வைத்தேன். பூட்டு, சாவி, தேங்காய், டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

"சாவு வீட்டுல வச்சா இதெல்லாம் பேசுவாங்க?" என்றாள் சித்தி.

"சாவு வீட்டுல வச்சுதானே சித்தி, அவனுக்க பேரும் போச்சு."

சித்தப்பா பாதி இலையில் எழுந்து கைகழுவப் போனார். மற்றவர்கள் குனிந்து சாப்பிட்டார்கள். நான் வாளியை எடுத்து அடுத்த இலைக்கு ஊற்றினேன்.

காலம் போனால் கோபம் ஆறும் என்கிறார்கள். எனக்கு ஆறவில்லை, ஆறவேண்டும் என்ற ஆசையும் இல்லை. யார் வீட்டுப் பிள்ளையாவது ஓயாமல் தண்ணீர் குடிக்கிறது என்று காதில் விழுந்தால், முன்பின் தெரியாதவர்களானாலும் சர்க்கரை பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் நகர்கிறேன்.

இப்போது சொந்தக்காரர்கள் அண்ணனைப் பற்றிப் பேசும்போது "சுகர்ல போன பையன்" என்கிறார்கள். உங்களைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று நான் கேட்டுக்கொள்வதில்லை.