குழாயில்லாமல் இருபது நிமிடம்

நவம்பர் 9, ஞாயிறு
காலை ஏழாகியும் வெயில் இல்லை. எதிர் பிளாக் தெரியவில்லை. டில்லிப் பனி என்று சொல்லிக்கொள்ளலாம். வாயில் கரி ருசி.

இன்னும் மூன்று வாரம். மகள் நித்யா கல்யாணம் 30ஆம் தேதி, ஞாயிறு, கா. 9 – 10.30. குவார்ட்டர்ஸ் முன்னால் இருக்கும் எங்கள் புல்தரை, வேப்பமரத்தடி. ஐம்பது, அறுபது பேர். அடுத்த வருஷம் ரிட்டயர் ஆனால் இந்த வீடும் மரமும் கிடையாது.

எல்லாம் வீட்டுக் கையால் என்பது நித்யா உத்தரவு. "எலிகன்ட்டா இருக்கணும்பா. ப்ளாஸ்டிக், தெர்மாகோல் எதுவும் கூடாது."

அழைப்பிதழ் – நான். கையால் எழுதுவது. 22 முடிந்தது.
விதானம் – வசந்தா. பழைய சுங்குடிச் சேலை ஒன்பது, ஒட்டுத் தையல்.
மணைப்பலகைக் கோலம் – நித்யா.
குருத்தோலைத் தோரணம் – வசந்தாவின் தம்பி, என் மைத்துனன் செல்வம். 24ஆம் தேதி திருநெல்வேலியிலிருந்து வருகிறான்.
வாழையிலை, மல்லிகை – ஐ.என்.ஏ. மார்க்கெட். முதல் நாள்தான்.

வசந்தா பல் தேய்த்ததும் தைக்க உட்கார்ந்துவிட்டாள். நுரையீரல் இறுகிக்கொண்டே போகும் வியாதி. மார்ச்சிலிருந்து மூக்கில் குழாய். தையல் மெஷின் நின்றால் ஆக்ஸிஜன் மெஷின் சத்தம் மட்டும் கேட்கிறது. அதனால் நிறுத்தாமல் தைக்கிறாள் போல.

நவம்பர் 12, புதன்
அரை நாள் லீவு. டாக்டரிடம் போனோம். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் மட்டும் பேசினார். "பாஹர் பில்குல் நஹி." வெளியே கூடவே கூடாது. மகள் கல்யாணம் புல்தரையில் என்றேன். உள்ளே மாற்றிக்கொள்ளுங்கள், இந்தக் காற்று நல்ல நுரையீரலுக்கே ஆகாது என்றார்.

திரும்பும்போது டாக்சியில்:
"ஹால் பாக்கட்டுமா?"
"எனக்கு ஹால் வேண்டாம். எட்டு மாசமா ஹால்லதான கெடக்கேன்."

வெண்டைக்காய் வாங்க மறந்தேன்.

நவம்பர் 15, சனி
வீட்டில் சண்டை. நித்யா கோயில் மண்டபம் ஒன்றில் பேசிவிட்டு வந்திருக்கிறாள். அதே நாள் காலியாம்.

"அம்மா, ஐடியா என்னோடது. நானே கேன்சல் பண்றேன். பஸ், அவ்ளோதான்."
"உன்னோடதாத்தான் இருந்துச்சு. இப்ப என்னோடது."
"மத்லப், அப்படின்னா உன் உயிரை விட டெகரேஷன் பெரிசா?"
"டெகரேஷனா? ஏட்டி, நான் வானத்தப் பாத்து எத்தன மாசம் ஆச்சுன்னு தெரியுமா உனக்கு?"

நித்யா என்னைப் பார்த்தாள். வசந்தாவும் பார்த்தாள். நான் அழைப்பிதழ் எழுதிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை அருண் பெயரை அரண் என்று எழுதிவிட்டேன். ஒரு அட்டை வீண்.

நவம்பர் 19, புதன்
காற்று மோசம் என்று பள்ளிகள் மூடல். ஆபீசில் பாதிப் பேருக்கு வீட்டிலிருந்து வேலை. எனக்கும்.
மண்டபத்தை வேண்டாமென்று நித்யாவே சொல்லிவிட்டாள். அழைப்பிதழ் 60 முடிந்தது. விதானம் ஆறு சேலை ஆகிவிட்டது. அவள் இருமும்போது துணி முழுக்க ஆடுகிறது.

நவம்பர் 24, திங்கள்
செல்வம் வந்தான். ஈரச் சாக்கில் சுற்றிய குருத்தோலை இரண்டு கட்டு. நிஜாமுத்தீன் ஸ்டேஷனில் இறங்கியதும் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டான். "என்ன அத்தான், சூளைக்குள்ள நிக்க மாதிரி இருக்கு?"

அக்காவைப் பார்த்ததும் சிரித்தான், ரயில் கதை எல்லாம் சொன்னான். பிறகு பின்பக்கக் குழாயடிக்குப் போய் வெகு நேரம் முகம் கழுவினான். நான் துண்டு கொண்டு போனேன். "போன்ல பேசுதப்ப இப்படின்னு தெரியல அத்தான்."

நவம்பர் 27, வியாழன்
இதை எழுத வேண்டுமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

மதியம் செல்வம் மூங்கில் வாங்கப் போனான். நித்யா ஆபீசில். வசந்தா கூப்பிட்டாள்.

"ஒண்ணு கேப்பேன். மாட்டேன்னு சொல்லக் கூடாது."
"சொல்லு."
"மூக்குல குழாயோட எம்பிள்ளைய தாரை வார்க்க மாட்டேன். அந்த நேரம் மட்டும் கழட்டிருங்க."
"வசந்தா."
"போட்டோவுல நான் அவ அம்மாவா நிக்கணும். நோயாளியா இல்ல."
"எவ்வளவு நேரம்?"
"இருபது நிமிசம்."
"பத்து."
"இருபது."

சரி என்றேன். சிலிண்டரைக் கதவுக்குப் பின்னால் தயாராக வைத்திருப்பது என்று முடிவு. யாரிடமும் சொல்லவில்லை. அவள் உடனே ஊசியை எடுத்துக் கடைசிச் சேலைக்கு ஓரம் அடிக்கத் தொடங்கினாள்.

நவம்பர் 29, சனி
ஐ.என்.ஏ. மார்க்கெட், காலை ஆறு. இலை, மல்லிகை 40 முழம், தேங்காய், வெற்றிலை. கதம்பம் கிடைக்கவில்லை.

மாலைக்குள் பந்தல் ஏறிவிட்டது. நான்கு மூங்கில், ஒன்பது சேலை, ஓலைக்கிளிகள். பக்கத்து வீட்டம்மா நின்று பார்த்து, "கித்னா சுந்தர்!" என்று அழகை வியந்தாள். நித்யா பந்தலுக்கு அடியில் போய் அண்ணாந்து நின்றாள்.
வசந்தா ஜன்னலுக்குப் பின்னாலிருந்து கண்ணாடியைத் தட்டினாள். வலது மூலை தொங்குகிறதாம். செல்வம் ஏறிச் சரி செய்தான்.

நவம்பர் 30, ஞாயிறு
முடிந்தது.

காலையில் வேப்பமரத்து உச்சி தெரியவில்லை. வந்தவர்களில் பாதிப் பேர் மாஸ்க். போட்டோ எடுக்கும்போது மட்டும் கழற்றினார்கள்.

9.35. கதவுக்குப் பின்னால் வசந்தாவின் குழாயை என் கையால் எடுத்தேன். கன்னத்தில் பிளாஸ்டர் ஒட்டிய தழும்பு. பவுடர் தடவினேன். "கண்ணாடி குடுங்க" என்றாள். பார்த்துவிட்டு, "ம்" என்றாள்.

பத்தே அடி. என் கையைப் பிடித்து நடந்தாள். தாரை வார்க்கும்போது செம்பு ஆடியது, என் கையை அடியில் கொடுத்தேன். நித்யா ஒரே ஒரு தடவை அம்மா முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தாலி ஏறும்வரை தலையைத் தூக்கவில்லை.

9.55க்கு உள்ளே போகலாம் என்று விரலை அழுத்தினேன். அவள் திருப்பி அழுத்தினாள். ஆசீர்வாதம் வாங்க வந்தார்கள். அட்சதை, போட்டோ. மறுபடி அழுத்தினேன். உதடு நீலம். சிரித்துக்கொண்டே நின்றாள். உள்ளே வரும்போது 10.12.

முப்பத்தேழு நிமிடம். விரல் கிளிப்பில் பார்த்த ஆக்ஸிஜன் எண்ணை எழுத மாட்டேன்.

மூச்சு ஒருவழியாக வந்ததும், "நல்லா இருந்துச்சுல்லா?" என்றாள். பாயசம் இரண்டு ஸ்பூன்.

டிசம்பர் 1, திங்கள்
காய்ச்சல். மத்தியானம் நினைவு தடுமாறி, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

டிசம்பர் 2, செவ்வாய்
ஆஸ்பத்திரி. ஐ.சி.யு. நித்யாவும் அருணும் குருகிராமில் அருண் வீட்டிலிருந்து வந்துவிட்டார்கள். நித்யா கையில் மருதாணி இன்னும் சிவப்பாக இருக்கிறது.

சின்ன டாக்டர் கேட்டார்: "வெளியே போனாங்களா?"
"கொஞ்ச நேரம்."
"ஆக்ஸிஜனோடதானே?"

நித்யா பக்கத்தில் நின்றாள். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். அவர் ஏதோ எழுதிக்கொண்டார்.

டிசம்பர் 4, வியாழன்
வென்டிலேட்டர். பேச்சு இல்லை. கையெழுத்துப் போட்டேன், மூன்று இடத்தில். அழைப்பிதழ் எழுதிய அதே பேனா.

டிசம்பர் 6, சனி
காலை 5.40. வசந்தா போய்விட்டாள்.

டிசம்பர் 7, ஞாயிறு
நேற்று மதியமே எல்லாம் முடிந்தது. நான்தான் கொள்ளி வைத்தேன். துக்கம் கேட்க ஆட்கள் வருவதற்குள் செல்வம் தனியாகப் பந்தலைப் பிரித்துவிட்டான். சேலைகளை மடித்து எங்கே வைத்தான் என்று கேட்கவில்லை.

வந்தவர்களில் ஒருவர்: "மகள் கல்யாணத்தப் பாத்துட்டுத்தானே போனாங்க. கொடுத்து வச்சவங்க." இன்னும் மூன்று பேர் அதையே சொன்னார்கள்.

டிசம்பர் 9, செவ்வாய்
கல்யாணப் போட்டோக்கள் நித்யா போனுக்கு வந்துவிட்டன. சாப்பிட்ட தட்டை எடுக்காமல் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அருண் பக்கத்தில். நான் எதிரில்.

"எதுலயும் ட்யூப் இல்ல" என்றாள்.
நான் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தேன்.
"யாருப்பா கழட்டினது?"
"நான்தான்."
"டாக்டர் கேட்டப்ப ஏன் சொல்லல?"
"தைரியம் இல்லை."

போனைக் கவிழ்த்து வைத்தாள். "அம்மா என்கிட்டதான் முதல்ல கேட்டாங்க. கல்யாணத்துக்கு முந்தின புதன்கிழமை. முடியவே முடியாதுன்னு கத்தினேன். அதான் உங்ககிட்ட வந்திருக்காங்க."

எனக்கு அது தெரியாது.

"நீங்களும் முடியாதுன்னு சொல்லியிருந்தா?"
"உன் மாமாவைக் கேட்டிருப்பா."

சிரித்துவிட்டாள். அவள் அம்மா சிரிப்பு. அது அழுகையாக மாறியதும் நான் எழுந்து அவள் அருகே போனேன். அவள் என் பக்கம் வரவில்லை, அருண் தோளில் சாய்ந்துகொண்டாள். நின்றேன். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்துவிட்டேன்.

நாளை காலை குருகிராம் போகிறார்கள். இன்னும் இரண்டு நாள் இரு என்று கேட்கவில்லை.