வெந்நீரில் இல்லாத ஒயர்

சித்தூர்
5-10-1987, திங்கட்கிழமை

அன்புள்ள ஆர்தர் அண்ணனுக்கு, எழுதுவது லோயிஸ். நைனாவின் வலது கையில் கட்டு இருப்பதால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். பள்ளிக்கூடம் விட்டுவிட்டது, கம்ப்யூட்டர் அறையில்தான் உட்கார்ந்திருக்கிறோம். நடந்ததை நடந்தபடியே, கூட்டாமல் குறைக்காமல் எழுதுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி வருவது நைனாவின் வார்த்தை.

என் பிரியமுள்ள மகனே, கர்த்தருடைய தயவால் இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், சிங்கப்பூரில் உன்னையும் அவர் கண்ணுக்குள் வைத்துக் காக்க வேண்டும் என்று தினமும் கேட்கிறோம். அம்மாவுக்கு இருமல் குறைந்து, சபைக்கு நடந்தே போய்வருகிறாள். நீ அனுப்பிய டிஜிட்டல் மீட்டர் பத்திரமாக வந்தது. வெந்நீரில் அதன் ஒயரை விட்டால் எத்தனை டிகிரி என்று எண்ணாகவே காட்டுகிறது, பிள்ளைகள் பெஞ்சு மேல் ஏறி நின்று பார்க்கிறார்கள். ஆனால் நீ எழுதியபடி அதை எங்கள் பழைய கம்ப்யூட்டரில் மாட்டி, அளவுகள் தாமாகவே திரையில் கோடாக விழும்படி செய்ய என்னால் முடியவில்லை. மூன்று வாரமாகிறது, திரையில் ஒரு சின்னக் கோடு கண் சிமிட்டுகிறதே தவிர ஓர் எண்ணும் வரவில்லை. நீ அனுப்பிய படத்தைப் பார்த்து ரேடியோ கடை வரதராஜன்தான் பிளக்கில் ஒயர்களைப் பற்றவைத்துக் கொடுத்தார். நாலு மூலையில் நாலு, நடுவில் ஒன்று என்று ஐந்து ஊசி, எப்படித் திருப்பிச் செருகினாலும் உள்ளே போகிறது, அதுதான் எனக்குப் பயம். உன் படம் பிளக்கை முன்பக்கமிருந்து பார்த்து வரைந்ததா, பற்றவைக்கும் பின்பக்கமிருந்தா? அது தெரியாமல் மாற்றிப் பற்றவைக்க வரதராஜன் சம்மதிக்கவில்லை, சர்க்கார் மிஷின், எரிந்தால் யார் பதில் சொல்வது என்கிறார். நானே பற்றவைக்கும் இரும்பை எடுத்து முயன்றேன், அதில்தான் விரல் வெந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை, அம்மாவிடம் வெந்நீர் பட்டது என்று சொல்லியிருக்கிறேன்.

(லோயிஸ்: நைனாவை ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு அனுப்பினார். போகும்போது, வியாழக்கிழமை நடந்ததை எழுத வேண்டாம், அண்ணன் மனசு கஷ்டப்படும் என்றார். நான் முதலிலேயே வாக்குக் கொடுத்துவிட்டதால் எழுதுகிறேன். அன்று திருப்பதியிலிருந்து அதிகாரி வந்தார். கம்ப்யூட்டரைப் பாடத்துக்குப் பயன்படுத்தாவிட்டால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று முன்பே கடிதம் வந்திருந்தது. அதனால் புதன்கிழமை வெந்நீர் ஆற ஆற அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை மீட்டரைப் பார்த்து நாற்பது அளவுகள் எழுதினேன், நைனா அவற்றை அப்படியே புரோகிராமில் அடித்து, கம்ப்யூட்டரோடு மாட்டுகிற டேப் கேசட்டில் ஏற்றினார்; பொத்தானை அழுத்தினால் மீட்டர் இல்லாமலே அந்த எண்கள் கோடாக விழும். எண்ணெல்லாம் நெஜந்தானேம்மா, நீயே பாத்து எழுதினதுதானே என்று இரண்டு தடவை கேட்டார். மறுநாள் அதிகாரி வந்து நின்றதும் பொத்தானை அழுத்தியது நான். கோடு அழகாக இறங்கியது. பாதியில் அவர் ஆசையாக ஒயரை வெந்நீரிலிருந்து வெளியே எடுத்துப் பார்த்தார். மீட்டர் முப்பத்தொன்றுக்கு வந்துவிட்டது, கோடு மட்டும் ஐம்பத்தெட்டு, ஐம்பத்தேழு என்று நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது. அவரோ தெலுங்கில், ஒயரை எடுத்தாலும் ஆடாத மிஷின், எத்தனை ஸ்டெடி என்று மெச்சி, நைனாவின் தோளைத் தட்டி, பதினேழாம் தேதி திருப்பதியில் நாற்பது வாத்தியார்களுக்கு இதைச் செய்து காட்ட வேண்டும் என்று சொல்லிப் போனார். அட்டெண்டர் கங்கையா மட்டும் கண்ணாடி டம்ளரைக் கழுவும்போது, "ஒயரு வெளிய தொங்கிக்கினு கீது, கோடு மட்டும் எறங்கிக்கினே போவுது. உங்க மிஷினுக்குக் கண்ணு தெரியாதா அய்வாரே?" என்று நைனாவைக் கேட்டார். நைனா சிரிக்கவில்லை. அன்று முதல் சரியாகச் சாப்பிடுவதும் இல்லை.)

மகனே, பதினேழாம் தேதி சனிக்கிழமை எனக்குத் திருப்பதியில் ஒரு வகுப்பு எடுக்கிற வேலை வந்திருக்கிறது. மிஷினை மடியில் வைத்துக்கொண்டு பாகாலா வழியாக ரயிலில் போக வேண்டும். அதற்குள் உன் பதில் வந்தால் நல்லது. வரதராஜன் பற்றவைத்திருப்பதை லோயிஸ் வரைந்திருக்கிறாள், உன் படத்தோடு உள்ளே வைத்திருக்கிறேன், தந்தியில் படம் போகாதே, அதனால்தான் கடிதமாக அனுப்புகிறேன். இந்தக் கடிதம் உன்னிடம் சேரப் பத்து நாள் ஆகும், நீ திருப்பிக் கடிதம் எழுதினால் எனக்குப் பிரயோஜனம் இல்லை. முன்பக்கம் அல்லது பின்பக்கம் என்று ஒரே வார்த்தை தந்தி அடி. முப்பது வருஷம் பாடம் சொன்னவன், ஐந்து ஊசிக்கு முன்னால் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். நீ வேலையில் கவனமாயிரு, இரும்பு சூடாக இருக்கும்போது பேசாதே, ஞாயிறு ஆராதனையை விடாதே. தகப்பனுடைய ஆசீர்வாதம் நீ போகிற இடமெல்லாம் உன்னோடு வரும். தந்தியை மறக்காதே.

உன் நைனா,
ச. இயேசுதாசன்

அண்ணா, கையெழுத்தை இடது கையால் போட்டார், அதனால்தான் கோணல். பிறகு படித்துக் காட்டச் சொன்னார். முழுவதும் படித்தேன், அவர் வெளியே போயிருந்தபோது எழுதியதையும். கிழித்துவிடுவார் என்று நினைத்தேன். காகிதத்தை என் பக்கமே நகர்த்தி வைத்துவிட்டு, "கேசட்டு பைல இருக்குதுன்னு எழுதினியாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அதையும் எழுதிடு" என்றார். திருப்பதிக்குக் கொண்டுபோகிற பையில், வேதாகமத்துக்கு அடியில், அந்தக் கேசட் இருக்கிறது. உன் தந்தி வராவிட்டால் என்ன செய்வார் என்று நான் கேட்கவில்லை, அவருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். கங்கையா கதவைப் பூட்ட வந்து, விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கிறார்.