ஹோலிஸ் இல்லாத பக்கம்

சின்சினாட்டி
மார்ச் 8, 2021

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம்தானே? போனை எடுத்தால் நாம் இருவருமே கத்துகிறோம். அதனால் எழுதுகிறேன்.

கடைக் கவுண்டரில் கூடைப்பந்து வீரர்கள் படம் போட்ட அட்டைப் பாக்கெட் ஒன்றைப் பார்த்ததும் வாங்கி, சின்னப் பையன் மாதிரி காரிலேயே உட்கார்ந்து பிரித்தேன் என்று சொன்னேன் அல்லவா? அந்த மை வாசனை அப்படியே இருக்கிறது. பழைய பைத்தியம் மறுபடி பிடித்துக்கொண்டது. அதனால்தான் சனிக்கிழமை வந்து என் ஆல்பத்தை எடுத்துப் போனேன்.

இன்று பக்கம் பக்கமாகப் பார்த்தேன். எல்லாம் நிறைந்திருக்க, அட்டை செருகும் பை ஒன்று மட்டும் காலி. ஹோலிஸ் கிராண்டல் அட்டை இல்லை! அந்த வருஷத்து வரிசையை ஒன்று விடாமல் சேர்த்து முடித்தவன் நான். யாரை என் அறைக்குள் விட்டாய்? பக்கத்து வீட்டு வாண்டுகளையா? இதைப் பத்திரமாக வைத்திரு என்று ஒரே ஒரு வேலைதான் உன்னிடம் சொன்னேன். அதுகூட முடியவில்லையா?

உன் மகன்,
ராண்டல்

கோகோமோ
மார்ச் 12, 2021

ராண்டலுக்கு,

'அன்புள்ள' என்று போடக் கை வரவில்லை.

வாண்டுகள் எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன். நீ வருகிறேன் என்று சொன்ன அன்றே எடுத்துவிட்டேன்.

அப்பாவை அடக்கம் செய்துவிட்டுப் போனவன், அதன்பிறகு இந்த வாசலை மிதித்தது இந்த அட்டைகளுக்காகத்தான். சனிக்கிழமை காலையிலிருந்து உனக்காக ஓவனில் மாட்டிறைச்சி வெந்துகொண்டிருந்தது. நீ கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "டைம் இல்லம்மா, பனி ஆரம்பிச்சிடும்" என்று ஆல்பத்தை மார்போடு அணைத்துக்கொண்டு கிளம்பினாய். என்னை ஒரு தடவையாவது அப்படி அணைத்தாயா? மூன்று நாள் அந்த இறைச்சியை நானும் நாயும் தின்று தீர்த்தோம்.

ஏன் ஹோலிஸ் என்று கேட்பாய். உனக்குச் சின்னம்மை போட்டிருந்தபோது நான் அட்டையின் பின்பக்கத்து ஆட்டக் கணக்கு எண்களைப் படிப்பேன், நீ ஆளைச் சொல்ல வேண்டும். எல்லாரையும் சொல்லிவிடுவாய். இவனிடம் மட்டும் தோற்பாய். "இவன் பெஞ்சுல உக்காந்தே காலத்த ஓட்டினவன்மா, இவன யாருக்கு ஞாபகம் இருக்கும்!" என்று கத்துவாய். எனக்கு ஞாபகம் இருந்தது.

இப்போது ஃப்ரிட்ஜ் கதவில், காந்தத்துக்கு அடியில் இருக்கிறான். வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்.

அம்மா

சின்சினாட்டி
மார்ச் 16, 2021

அம்மா,

காந்தமா? மூலையில் ஒரு சின்ன மடிப்பு விழுந்தாலே அட்டை போச்சு! தெரிந்தே செய்கிறாய். திருடுவதையும் திருடிவிட்டு நியாயம் வேறு பேசுகிறாய்.

நாற்பத்திரண்டு வயது ஆளைச் சாப்பாட்டைக் காட்டி இழுக்கப் பார்க்காதே. ஹோலிஸ் கிராண்டல் ஒன்றும் அபூர்வமில்லை. இங்கே அட்டைக் கடையில், சில்லறைக்கு விற்கிற டப்பாவுக்குள் கிடந்தான். வாங்கிச் செருகிவிட்டேன். பக்கம் நிறைந்துவிட்டது. உன்னிடம் இருப்பதை நீயே வைத்துக்கொள். இனி இதைப் பற்றி எழுத வேண்டாம்.

ராண்டல்

கோகோமோ
மார்ச் 20, 2021

அன்புள்ள ராண்டல்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்படியில் நின்று அழுதேன். பிறகு கோபம் வந்தது. கோபமே தேவலை, எழுதவாவது முடிகிறது.

என்னிடம் இருக்கும் ஹோலிஸும் உன்னுடையவன்தான். ஆக உனக்கு இப்போது இரண்டு. "ஒரே அட்ட ரெண்டு இருந்தா அது டபுள்மா. டபுள வச்சுக்கக் கூடாது, மாத்திக்கணும்." எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவன் நீ. உன் அத்தை மகன் தபாலில் மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னதற்கு எப்படிக் குதித்தாய்! "அதெல்லாம் செல்லாது! நேர்ல உக்காந்து, அட்டைய மேசையில வச்சு, கைகுலுக்கினாத்தான் கணக்கு!" அந்தச் சட்டம் இன்னும் இருக்கிறதா, இல்லை அதற்கும் பதில் ஒன்றைக் கடையில் வாங்கிவிட்டாயா?

உன் கடை ஹோலிஸை எடுத்துக்கொண்டு ஈஸ்டர் ஞாயிறன்று வா. கோட்டைக் கழற்றிவிட்டு உட்கார். காந்தத்தை எடுத்துவிட்டேன். இவன் உன் தட்டுக்குப் பக்கத்தில் இருப்பான். நீ வராவிட்டால், இவன் பின்பக்கத்தை நானே படித்து, பெயரையும் நானே சொல்லிக்கொள்கிறேன்.

உன்மேல் கோபம் இன்னும் தீரவில்லை.

அம்மா