ஒரு செம்பு நல்ல தண்ணீர்

மதினி,

இன்று சாயங்காலம் பாலாடையை வழித்து முகத்தில் தேய்த்தேன். அந்த லேசான புளித்த வாசம் மூக்கில் ஏறியதும் நீங்கள் வந்து நின்றுவிட்டீர்கள். செத்தும் இந்த வீட்டில் உங்கள் அதிகாரம் போகவில்லை.

சுதந்திரம் வந்த மறு வருடம் நான் மாரியூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். கணவரை இழந்து தம்பி வீட்டோடு வந்துவிட்ட நீங்கள்தான் அப்போது இங்கே ராஜாங்கம். வீட்டுக் கிணறு உப்பு. நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் மணல்மேட்டில் ஊற்றுத் தோண்டி, சுரக்கச் சுரக்கத் தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு குடத்தை நிரப்ப வேண்டும். சுமந்து வந்தவள் நான். குடத்தின் மூடியோ உங்கள் கையில்.

வெயில் தாழ்ந்ததும் முற்றத்தில் உட்காருவீர்கள். முதலில் பாலாடை, அது ஊறியதும் பயத்தமாவு, பிறகு நல்ல தண்ணீரில் நிதானமாக ஒரு கழுவல். ஈரம் காயுமுன் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய். முகம் பளபளவென்று இருக்கும். உப்புத் தண்ணீரில் கழுவிக் கழுவி என் கன்னம் வெடித்து எரியும். ஒருநாள் வாய்விட்டுக் கேட்டேன்.

"ஒன் மூஞ்சிக்கு இது போதும்டி" என்று கிணற்றைக் காட்டினீர்கள்.

உங்கள் தம்பி இரண்டு வருடம் கழித்துக் கொழும்பிலிருந்து வருகிற நாள். அவர் கண்ணுக்கு அழகாகத் தெரிய வேண்டும் என்று எனக்கு அப்படி ஓர் ஆசை. கற்றாழைச் சோற்றையும் பாலாடையையும் குழைத்துப் பூசிக்கொண்டு, "மதினி, ஒரே ஒரு செம்பு தாங்க" என்று கெஞ்சினேன். குடம் நிறையத் தண்ணீர் இருந்தது. நீங்கள் ஒரு செம்பு மொண்டு, என் கண் முன்னாலேயே ஆட்டுக்குட்டிக்கு வைத்தீர்கள்.

கிணற்றுத் தண்ணீரில் கழுவினேன். வாசலில் கால் வைத்தவர், "என்னக்கா, இவ கருவாடாக் காஞ்சு போயிருக்கா?" என்றார். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அவரை மன்னித்துவிட்டேன். அந்தச் சிரிப்பை மன்னிக்க என்னால் முடியவில்லை.

நீங்கள் படுக்கையில் விழுந்தபோது குடத்து மூடி என் கைக்கு வந்தது. கஞ்சி, மருந்து, மாற்றுத்துணி எதிலும் நான் குறை வைக்கவில்லை, ஊரே மெச்சியது. ஒரு சாயங்காலம், "ஏத்தா, மூஞ்சி வறவறன்னு இருக்கு. ஆடை பூசி நல்ல தண்ணில கழுவி விடுறியா?" என்றீர்கள்.

பூசினேன். பொறுமையாகத் தேய்த்தேன். சுகத்தில் கண்ணை மூடிக்கொண்டீர்கள். பிறகு கிணற்றில் இறைத்து வைத்திருந்த செம்பைச் சாய்த்தேன். உதட்டில் பட்டதுமே உங்களுக்குத் தெரிந்துவிட்டது. கண்ணைத் திறந்து என்னையே பார்த்தீர்கள்.

"ஒங்க மூஞ்சிக்கு இது போதும் மதினி."

நாலாம் நாள் போய்விட்டீர்கள். நடுவில் ஒரு தடவைகூட நீங்கள் தண்ணீர் கேட்கவில்லை, கஞ்சியோடு சரி.

வருத்தப்படுகிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. இன்றும் உங்கள் வரிசைப்படியேதான் பூசிக்கொள்கிறேன். கழுவும்போது மட்டும் இரண்டு செம்பு. ஒன்று எனக்கு. இன்னொன்று அன்றைக்கு உங்களுக்கு நான் தராதது. அதையும் என் முகத்திலேயே ஊற்றிக்கொள்கிறேன்.