பொத்துவிலுக்குப் போகும் கட்டடம்

ஓகஸ்ட் 4, திங்கள்

கச்சான் காற்று. மேசை முழுதும் மணல். ஜன்னலைச் சாத்தினால் வெக்கை, திறந்தால் காகிதம் பறக்கிறது.

மாகாணப் பாதீட்டுக்கான முன்மொழிவுகள் வந்துவிட்டன. கரையோரப் பாடசாலைகள் எல்லாம் என் தலையில். ஒவ்வொன்றுக்கும் 'பொருத்தம்', 'பொருத்தமில்லை' என்று காரணத்தோடு எழுதிக் குழுவுக்குக் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கு முன். பக்கத்து மேசைத் தவமணி அக்காவுக்குச் சுகாதாரமும் வீதிகளும்.

கட்டின் நடுவில் ஒரு கோப்பு. எங்கள் ஊர்ப் பெரிய பாடசாலைக்குப் புது மண்டபம். மேடை, குளிரூட்டி, முகப்பில் பெயர். யாருடைய பெயர்? ஹாமித் சேருடையது. மனிதர் உயிரோடுதான் இருக்கிறார். கேட்டு எழுதிய அபிவிருத்திச் சங்கச் செயலாளரும் அவரே.

பெயரை இரண்டு தரம் வாசித்தேன். பிறகு சிரிப்பு வந்தது.

வாங்க வேண்டியது: அரிசி மா, மகள் சஹ்லாவுக்குச் சப்பாத்து.

5, செவ்வாய்

கோபம் ஆறிவிடாமல் இருக்க இதை எழுதி வைக்கிறேன்.

இந்த அலுவலகத்துக்கு வருமுன் நான் பெரிய பாடசாலையில் ஆசிரியை. பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை என்று மேலிடத்துக்கு எழுதினேன். அப்போது இடமாற்றங்களுக்கு ஒப்பம் வைக்கும் அதிகாரி இந்த ஹாமித் சேர்தான். பிரசவ லீவு முடிந்த கையோடு தொலைவில் உள்ள பொத்துவிலுக்கு மாற்றம். சஹ்லா பால்குடி. அவளைத் தூக்கிக்கொண்டு அவருடைய அறைக்குப் போனேன். நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"புள்ள பெத்தது நீங்க. அதுக்கு அரசாங்கம் என்ன செய்யிற?"

கிளாக்குமார் சிரித்தார்கள்.

விடியப் பஸ். வழியில் பாலமுனை தாண்டுவதற்குள் பால் கட்டி அபாயா நனையும். பொத்துவில் பாடசாலையில் வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையில் சுவர் இல்லை, அலுமாரிகள்தான். அதில் ஒன்றின் பின்னால் நின்று பாலைப் பீய்ச்சித் துணியில் விடுவேன். மறுபக்கம் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம். ஒரு நாள் வீட்டுக்கு வந்து சஹ்லாவைத் தூக்கினேன். முகத்தைத் திருப்பி, கையால் என் மார்பைத் தள்ளினாள். அதோடு சரி, பிறகு குடிக்கவே இல்லை.

சஹ்லாவுக்குப் பதினாறு வயது, இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை. என் கோபத்துக்கும் அவளுக்கும் ஒரே வயது.

6, புதன்

காலையில் பெரிய பாடசாலைக்கே போய்ப் பார்த்தேன். மண்டபம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது! பூட்டிக் கிடக்கிறது. காவலாளி திறந்தார். அடுக்கிய கதிரைகள், புறா எச்சம். "பரிசளிப்புக்கு மட்டும்தான் தெறக்கிற. கூரையில ரெண்டு தகடு மாத்தினாப் போதும்," என்றார்.

பொய் ஒரு சொல்லும் தேவையில்லை. 'பொருத்தமில்லை. உள்ள மண்டபத்தைத் திருத்தலாம்.'

அடுத்த கோப்பு பொத்துவிலில் இருந்து. வகுப்பறைக் கட்டடம், ஆசிரியைகளுக்கு ஓர் அறை. ஒவ்வொரு வருடமும் கேட்கிறார்கள், ஒவ்வொரு வருடமும் கடைசியில் வெட்டுப்படுகிறது. அதிபரைப் போனில் பிடித்தேன். அலுமாரிகள் இன்னும் அங்கேதான். 'முதலிடம்' என்று எழுதினேன். பேனா காகிதத்தைக் கிழித்தது.

தவமணி அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். வீரமுனைக்காரி. கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"ஏன் காகிதம் கிழியுது?"

"சந்தோசத்துல அக்கா."

"அப்ப கொண்டா, நான் ஒருக்காப் பாக்கிறன். சந்தோசத்துல எழுதினா பிழை வரும்."

எல்லாம் வாசித்தார். 'பெயர்ப் பசி' என்று ஓர் இடத்தில் எழுதியிருந்தேன். வெட்டச் சொன்னார். வெட்டினேன். மனமில்லை.

7, வியாழன்

வந்தார். ஹாமித் சேர்தான். மண்டபம் வெட்டுப்படுகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வெள்ளை ஜுப்பா, அத்தர் வாசம், கைத்தடி. என் முன்னால் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, நீங்க ஆருடைய மகள்?"

என்னைத் தெரியவில்லை!

சொன்னேன். கழிப்பறைக் கடிதம், கையில் பிள்ளை, அவர் சொன்ன அந்தச் சொல், எல்லாம்.

அவர் கைத்தடியை மேசையில் சாய்த்து வைத்தார்.

"அப்பிடியா? நான் எத்தனை பேருக்கு ஒப்பம் வெச்சிருப்பன். அதையெல்லாம் மனசுல வெச்சிருக்கப்படா மகள். மண்டபத்த மட்டும் பாத்து உடுங்க."

மகளாம். இத்தனை காலம் குசினியில், பஸ்ஸில், குளிக்கும்போது பேசிப் பழகிய வசனங்களில் ஒன்றும் வாயில் வரவில்லை.

"மண்டபம் இல்ல சேர். நீங்க என்னை அனுப்பின பள்ளிக்கூடத்துக்குத்தான் கட்டடம் போகுது."

"பழி வாங்கிறீங்களா?"

"ஓம் சேர். ஆனா எழுதினது சரி. ஆரிட்டயும் குடுத்துப் பாருங்க."

கைத்தடியை மறந்துவிட்டுப் போனார். பியோனிடம் கொடுத்து அனுப்பினேன். நான் தொடவில்லை.

8, வெள்ளி

காலையில் குழு. ஹாமித் சேர் கொடுத்த முறைப்பாடு முதலில் மேசைக்கு வந்தது: 'இந்த உத்தியோகத்தருக்கு என்மேல் சொந்தப் பகை.'

பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார். "உண்மையா?"

வேலை போய்விடும் என்று நினைத்தேன். "உண்மை சேர்."

தவமணி அக்கா எழும்பினார். "பகை இரிக்கட்டும் சேர். அந்த மண்டபம் பூட்டிக் கிடக்கிறதும் உண்மைதானே? ஆளை அனுப்பிப் பாருங்க."

பணிப்பாளர் ஆளை அனுப்பவில்லை, தானே வாகனத்தில் போனார். திரும்பி வந்தபோது சப்பாத்தில் புறா எச்சம். மண்டபம் வெட்டு. பொத்துவில் முதலிடம். இனி மேலே அனுப்புவார்கள், மேலேயும் இழுபடும், தெரியும். ஆனால் ஹாமித் சேரின் பெயர் இப்போது எந்தச் சுவரிலும் இல்லை. பகையை முன்பே சொல்லாததற்கு எனக்கும் எச்சரிக்கைக் கடிதம் வருமாம். வரட்டும்.

என் வீட்டுக்காரர் ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து சொன்னது: "ஹாமித் சேர் கடைசி வரிசையில இரிந்தார். ஒருத்தரோடயும் கதைக்கல்ல. முகமெல்லாம் வாடி."

இரக்கம் வரும் என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். வரவில்லை.

சாப்பிடும்போது சஹ்லா: "உம்மா, அவர் பாவம் இல்லையா? வயசான மனிசன்."

"பாவம்தான்."

"அப்ப?"

இன்னும் இரண்டு அகப்பை கணவாய்க் கறி போட்டுக்கொண்டேன். நல்ல உறைப்பு.